வண்டியை இறக்குறதுக்கு முன்னாடி ஒரு ஸ்கேல் எடுங்க

நம்ம கேங்ல யாராவது ஒருத்தர் ஸ்டேட்டஸ்ல வாரத்துக்கு ஒரு தடவையாவது தரையை உரசுற மாதிரி நிக்கிற கார் வந்துடும். வீலுக்கும் ஃபெண்டருக்கும் நடுவுல ரெண்டு விரல் நுழையாது. பார்க்க அழகாத்தான் இருக்கு, அதுல எனக்கு எந்தச் சண்டையும் கிடையாது. ஆனா அந்த ரெண்டு விரல் இடைவெளிக்குப் பின்னாடி ஒரு ரப்பர் மாதிரி துண்டு ஒளிஞ்சிருக்கு. பம்ப் ஸ்டாப்னு பேரு. கடையில பம்ப் ஸ்டாப்பர்னு சொல்வாங்க, பம்ப் ரப்பர்னு சொல்வாங்க. காரை இறக்க நினைக்கிற பத்துப் பேர்ல ஒன்பது பேர் ஸ்பிரிங் விலை விசாரிப்பாங்க, அலாய் விலை விசாரிப்பாங்க. இதைப் பத்தி ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அதனாலதான் எழுதுறேன்.

முதல்ல இது என்னன்னு பார்த்துடுவோம். ஷாக் அப்சார்பரோட ராடு இருக்கில்ல, பளபளன்னு வெள்ளி மாதிரி? அது உடம்புக்குள்ள போய்ப் போய் வரும். பெரிய பள்ளத்துல வீல் இறங்கி ஏறும்போது அந்த ராடு முழுசா உள்ள போய் இரும்போட இரும்பு மோதக் கூடாது. அதுக்காக ராடோட மேல் பக்கத்துல இந்தத் துண்டைக் கோர்த்திருப்பாங்க. பெரும்பாலும் பாலியூரித்தேன் நுரை. உள்ள குட்டிக் குட்டியா காற்று அறைகள். ஒரு முனை தடிமனா இருக்கும், இன்னொரு முனை வளையம் வளையமா மெலிஞ்சு வரும். மெலிஞ்ச முனைதான் முதல்ல தொடும். அதனால முதல்ல மெத்துனு இருக்கும். போகப் போக காற்று அறையெல்லாம் மூடிக்கிட்டு கெட்டியாகும்.

நம்ம வைப்ரேஷன்ஸ் பேப்பரை ஞாபகப்படுத்திப் பாருங்க. ஒரு மாஸ், ஒரு ஸ்பிரிங், ஒரு டேம்பர். ஸ்பிரிங்கை எவ்வளவு வேணும்னாலும் அமுக்கலாம், கிராஃப் நேர்கோடா போய்க்கிட்டே இருக்கும். அந்தப் படத்துல தரைன்னு ஒண்ணு இருக்காது. நிஜ கார்ல வீல் மேல ஏற எட்டு, பத்து சென்டிமீட்டர் கிடைச்சாலே பெரிசு. அந்த தூரத்தோட கடைசிப் பகுதியில ஸ்பிரிங்கோட சேர்ந்து வேலை செய்யறது பம்ப் ஸ்டாப்தான். இப்போ வர்ற நிறைய கார்கள்ல இதைக் கடைசி நேரத் தடுப்பா மட்டும் வைக்கிறதில்லை. சாதாரணமா ஓட்டும்போதே லேசா தொடுற மாதிரி, ரெண்டாவது ஸ்பிரிங்காவே ட்யூன் பண்றாங்க. சிட்ரோயன் சி5 ஏர்கிராஸ் மாதிரி சில கார்கள்ல ஷாக்குக்குள்ளயே ஹைட்ராலிக் ஸ்டாப் வெச்சிருக்காங்க. கம்பெனிக்காரங்க இந்தக் கடைசி சில மில்லிமீட்டருக்கு அவ்வளவு யோசிக்கிறாங்கன்னு புரிஞ்சுக்கலாம்.

இதெல்லாம் எனக்குப் பரீட்சைக்குப் படிச்சுத் தெரிஞ்சது இல்லை. எங்க அண்ணன் வண்டியால தெரிஞ்சது.

அண்ணன் வேலைக்குப் போய் மூணாவது வருஷம் ஒரு செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக் வாங்கினான். முதல் தீபாவளி போனஸ்ல லோயரிங் ஸ்பிரிங் போட்டான். ஃபெண்டர் விளிம்புல இருந்து வீல் சென்டர் வரைக்கும் அளந்தா 35 மி.மீ. இறங்கியிருந்தது. ஒரு வாரம் சந்தோஷமா ஓட்டினான். அப்புறம் ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும்போதெல்லாம் முன்னாடி 'டொக்'. ஸ்பிரிங் போட்ட கடையில போய்க் கேட்டான். அவங்க முன்பக்க பம்ப் ஸ்டாப்பை ஹேக்ஸா பிளேடால அறுத்துக் குட்டையாக்கினாங்க. மெலிஞ்ச முனை இருக்கிற பக்கத்தையே அறுத்துட்டாங்க. சத்தம் நிக்கலை. மறுபடி போனப்ப, "அதை மொத்தமா கழட்டிடலாம் தம்பி, சத்தமே வராது"ன்னு சொல்லியிருக்காங்க.

அண்ணன் எனக்குப் போன் பண்ணினான். "டேய், நீதானே மெக்கானிக்கல் படிக்கிற? கழட்டலாமா வேணாமா, ஒரே வார்த்தையில சொல்லு."

ஒரே வார்த்தையில சொல்ல முடியலை. ஏன்னா அந்தக் கடைக்காரர் சொன்னதுல ஒரு உண்மை இருக்கு. கழட்டினா சத்தம் குறையும். சின்னப் பள்ளத்துல ராடு போய்த் தொட அங்க ஒண்ணும் இருக்காதே. பெரிய பள்ளம் வர்ற வரைக்கும் எல்லாம் சரியாயிடுச்சுன்னே தோணும். அந்தப் பெரிய பள்ளத்துல ஷாக்குக்குள்ள பிஸ்டன் நேரா அடியில இருக்கிற வால்வ்ல போய் இடிக்கும். இல்லைன்னா டயர் ஃபெண்டருக்குள்ள இடிக்கும். ரெண்டுல எது முதல்ல நடக்கும்ங்கிறது வண்டியைப் பொறுத்தது.

இதுக்கு நடுவுல வீட்ல இன்னொண்ணு நடந்துக்கிட்டிருந்தது. அம்மாவுக்கு முதுகுல டிஸ்க் பிரச்சனை இருக்கு. குதிக்கிற வண்டியில போகாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருக்கார். ஞாயித்துக்கிழமை ஊருக்குப் போக எல்லாரும் கார்ல ஏறுவோம், அம்மா மட்டும் "நீங்க போங்க, நான் பஸ்ல வந்துடுறேன்"னு சொல்ல ஆரம்பிச்சாங்க. காரணம் கேட்டா பஸ்ல ஜன்னல் காத்து நல்லா வருதாம். மகன் ஆசையா மாத்தின வண்டியைக் குறை சொல்ல அவங்களுக்கு மனசு வரலை. அண்ணனுக்கு இது புரியலை. எனக்குப் புரிஞ்சுது.

இப்போ கணக்குக்கு வருவோம். பயப்படாதீங்க, பிளஸ் டூ கணக்குதான்.

வண்டி நிக்கிற நிலையில இருந்து வீல் மேல ஏறும்போது ஸ்பிரிங் வாங்கிக்கிற ஆற்றல் அரை கே எக்ஸ் ஸ்கொயர். எக்ஸ்ங்கிறது வீல் போகக்கூடிய தூரம். அண்ணன் வண்டியோட முன்பக்க ஸ்ட்ரட்ல டஸ்ட் கவரைத் தூக்கி அளந்து பார்த்தோம். முழு பம்ப் ஸ்டாப் இருந்தா அதோட நுனிக்கும் ஷாக் உடம்புக்கும் நடுவுல வெறும் 10 மி.மீ.தான் மிச்சம் இருக்கும். 35 மி.மீ. இறக்கியிருக்கு, அப்போ இறக்குறதுக்கு முன்னாடி 45 இருந்திருக்கும். 60 மி.மீ. நீள பம்ப் ஸ்டாப் சுமார் 40 மி.மீ. அமுங்கும். ஆக முன்னாடி மொத்தம் 85 மி.மீ. இருந்தது, இப்போ 50.

அதே பள்ளம், அதே வேகம். அதே ஆற்றலை 85-க்குப் பதிலா 50 மி.மீ.க்குள்ள ஸ்பிரிங் மட்டும் தனியா வாங்கணும்னா அது எத்தனை மடங்கு கெட்டியா இருக்கணும்? 85-ஐ 50-ஆல வகுத்து ஸ்கொயர் பண்ணுங்க. கிட்டத்தட்ட 3 மடங்கு. லோயரிங் ஸ்பிரிங் ஒரிஜினலை விடக் கொஞ்சம் கெட்டியா இருக்கும், அவ்வளவுதான். 3 மடங்கு கெட்டியா போட்டா மாட்டு வண்டியில போற மாதிரி இருக்கும், யாரும் வாங்க மாட்டாங்க. அப்போ மீதி ஆற்றல் எங்க போகும்? கொஞ்சம் டேம்பருக்கு. மத்தது பம்ப் ஸ்டாப்புக்கு.

இந்த விஷயத்தோட மொத்த சிக்கலும் இங்கதான் இருக்கு. வண்டியை இறக்கினா இடம் பத்தாது, அதனால பம்ப் ஸ்டாப் குட்டையாகணும். அதே சமயம் அதுக்கு வேலை முன்னைவிட அதிகமாகுது. உயரத்தைக் குறைச்சு வேலையைக் கூட்டுறோம். எதையோ எடுத்து எதையோ அறுத்து மாட்டினா இது ரெண்டும் ஒத்துப்போகாது.

அறுத்த துண்டு, அதே மாதிரி ஒரு புது முழுத் துண்டு, லோயரிங்குக்குன்னே வர்ற 40 மி.மீ. குட்டைத் துண்டு, மூணையும் எடுத்துக்கிட்டு நம்ம ஸ்ட்ரெந்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபுக்குப் போனேன். ஹெலிகல் ஸ்பிரிங் கம்ப்ரஷன் டெஸ்ட் பண்ணுவோமே, அதே மெஷின். லேப் அசிஸ்டன்ட் அண்ணன் மேலயும் கீழயும் பார்த்துட்டு, "ரெக்கார்ட்ல இது இல்லையே தம்பி"ன்னார். அப்புறம் அவரே ஆர்வமா பக்கத்துல நின்னுட்டார்.

முழுத் துண்டு முதல் 20 மி.மீ. அமுங்க சுமார் 40 கிலோதான் கேட்டுது. 30 மி.மீ.ல 120 கிலோ. 35-ல 200 கிலோவைத் தாண்டி முள் எகிற ஆரம்பிச்சது, அங்கயே நிறுத்திட்டோம். கிராஃப் போட்டா முதல்ல படுத்திருந்து கடைசியில எழுந்து நிக்கிற கோடு. கடையில அறுத்த துண்டு? முதல் 5 மி.மீ.க்கே 60 கிலோ. மெத்துனு தொடங்குற பகுதியே போயிடுச்சு, தட்டையான முகம் நேரா போய் மோதுது. 'டொக்' எங்க இருந்து வந்துதுன்னு அன்னைக்குத் தெரிஞ்சுது. குட்டைத் துண்டு முழுத் துண்டோட அதே வடிவக் கோடு, ஆனா குறைஞ்ச தூரத்துல. அதை அப்படி வடிவமைச்சு வார்த்திருக்காங்க.

அறுக்கவே கூடாதான்னு கேப்பீங்க. சில ஸ்பிரிங் கம்பெனிகளே இவ்வளவு அறுங்கன்னு தாள்ல எழுதிக் கொடுப்பாங்க, அப்போ அந்தத் தாள் சொல்றபடி செய்ங்க. தாள் இல்லாம அறுக்கிற நிலைமை வந்தா மெலிஞ்ச முனையை விட்டுட்டு தடிமனான பக்கத்துல கை வைக்கிறதுதான் முறை.

மாட்டும்போது நாங்க செஞ்சதை வரிசையா சொல்றேன், யாருக்காவது உதவும். இதை நம்ம ஃபார்முலா டீம்ல இருக்கிற ஒரு நண்பன் கூட நின்னு, நல்ல ஒரு கராஜ்ல பண்ணினோம். ஸ்ட்ரட்ல இருந்து ஸ்பிரிங்கைக் கழட்ட ஸ்பிரிங் கம்ப்ரஸர் வேணும். அமுங்கியிருக்கிற ஸ்பிரிங் விடுபட்டா ஆளையே அடிக்கும், ரூம் வாசல்ல பண்ற வேலை கிடையாது.

ஒண்ணு: ஷாக்கைத் தனியா எடுத்து ராடை உள்ள முழுசா அழுத்தினோம். உள்ள தட்டி நின்னப்போ வெளிய 8 மி.மீ. ராடு மிச்சம் இருந்தது. பம்ப் ஸ்டாப் எவ்வளவு அமுங்கினாலும் அதோட தடிமன் இந்த 8-க்கு மேல இருக்கணும். குட்டைத் துண்டு அமுங்கி 15 மி.மீ.ல நிக்கும். ஏழு மி.மீ. பாதுகாப்பு. சரி.

ரெண்டு: ஸ்பிரிங் போடாம ஸ்ட்ரட்டை மட்டும் மாட்டி, வண்டி பாடியை ஸ்டாண்டுல நிறுத்தி, ஜாக்கியால வீலை மட்டும் மெதுவா மேல ஏத்தினோம். பம்ப் ஸ்டாப் நல்லா அமுங்குற வரைக்கும். அந்த நிலையில ஸ்டியரிங்கை இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் திருப்பி, டயர் எங்கயாவது உரசுதா, பிரேக் ஹோஸ் இழுபடுதா, டிரைவ் ஷாஃப்ட் எங்கயாவது இடிக்குதான்னு பார்த்தோம்.

மூணு: எல்லாம் மாட்டினதுக்கப்புறம் ராடுல ஒரு கேபிள் டை கட்டி ஷாக் உடம்போட ஒட்டி இறக்கிவிட்டோம். ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்து கவரைத் தூக்கிப் பார்த்தா, ராடு எவ்வளவு உள்ள போச்சோ அந்த இடத்துல கேபிள் டை நிக்கும். பத்து ரூபாய் சென்சார்.

நாலு: அலைன்மென்ட். வண்டி இறங்கினா கேம்பர், டோ ரெண்டும் மாறும். விட்டா டயர் உள்பக்கமா தேயும்.

முன்பக்கம் நல்லா வந்துது. 'டொக்' போச்சு. வண்டி வளைவுல நடந்துக்கிறதும் மாறிடுச்சு. இதை நிறையப் பேர் கவனிக்க மாட்டாங்க. வளைவுல திரும்பும்போது வெளிப்பக்க வீல் அமுங்கும். அங்க 10 மி.மீ. மட்டும் இடம் இருந்தா வளைவோட நடுவுலயே பம்ப் ஸ்டாப்ல போய் உக்காரும். அந்த மூலை திடீர்னு கெட்டியாகும். முன்னாடி நடந்தா வண்டி திரும்பாம வெளிய தள்ளும், பின்னாடி நடந்தா பின்பக்கம் வழுக்கும். ஆழியார்ல இருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. மழை பெய்யும்போது அதுல இது நடக்கறதை நினைச்சுப் பாருங்க.

அடுத்தது பின்பக்கம். அம்மா உக்கார்ற பக்கம்.

வெறும் வண்டியில பின் ஷாக்ல முழு பம்ப் ஸ்டாப்போட 15 மி.மீ. இடைவெளி இருந்தது. ஹாஸ்டல் மெஸ்ல நல்லா சாப்பிட்டு வளர்ந்த மூணு பேரைப் பின் சீட்ல உக்கார வெச்சேன். வண்டி 30 மி.மீ. இறங்குச்சு. அதாவது வண்டி கிளம்புறதுக்கு முன்னாடியே, நிக்கும்போதே, பம்ப் ஸ்டாப் 15 மி.மீ. அமுங்கி இருக்கு. அம்மா உக்கார்ந்திருந்தது ஸ்பிரிங் மேல இல்லை, அந்த நுரைக் கட்டை மேல. ஒவ்வொரு குழியும் அவங்க முதுகுக்கு நேரா போயிருக்கு.

குட்டை பம்ப் ஸ்டாப் மாட்டினோம். இப்போ மூணு பேர் உக்கார்ந்தா 5 மி.மீ. இடைவெளி, அதுக்கப்புறம் 25 மி.மீ. அமுங்கல். மொத்தம் 30.

இந்த 30-ஐ எதோட ஒப்பிடுறது? ஃபார்முலா டீம் நண்பன்தான் சொன்னான். ஃபார்முலா பாரத் போட்டி விதிப்படி, டிரைவர் உக்கார்ந்த நிலையில வீல் மேல ஏற குறைஞ்சது 25 மி.மீ. இருக்கணும். அது ஒருத்தர் மட்டும் ஓட்டுற ரேஸ் கார். ஓடுற இடம் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே, வழவழன்னு தார். எங்க வண்டி அஞ்சு பேரோட ஓடுறது எங்க ஊர் ரோட்ல. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வழிகாட்டுதல்ல ஸ்பீட் பிரேக்கர் 3.7 மீட்டர் அகலத்துல 10 சென்டிமீட்டர் உயரமா, வழுக்கி ஏறுற மாதிரி இருக்கணும்னு சொல்லியிருக்கு. எங்க தெரு முனையில இருக்கிறதை ராத்திரியோட ராத்திரியா யாரோ சிமெண்ட் கொட்டிக் கட்டினாங்க. ஒரு சாண் அகலம். அதுக்கு 30 மி.மீ. பத்தாது. நல்ல பம்ப் ஸ்டாப் போட்டா இடி மெதுவாகும், இடியே இல்லாம போகாது. எடுத்துட்ட தூரத்தை எந்த ரப்பராலயும் திருப்பிக் கொடுக்க முடியாது.

அண்ணன்கிட்ட அளவெல்லாம் எழுதின தாளைக் கொடுத்தேன். "சரி, கடைசியா என்னதான் சொல்ற? முடியுமா முடியாதா?"

"ரெண்டு பேர் போற வண்டின்னா முடியும், நல்லாவே இருக்கும். அஞ்சு பேர் போற வண்டின்னா முடியாது."

அவன் ஒண்ணும் பேசலை. அம்மா பக்கத்துல உக்கார்ந்து வெங்காயம் உரிச்சுக்கிட்டிருந்தாங்க. என்னடா அதுன்னு கேட்டாங்க. பள்ளிக்கூடத்துல இருந்து எல்லாம் இங்கிலீஷ்லயே படிச்சவன், புரோக்ரெஸிவ் ரேட், ஜௌன்ஸ் டிராவல்னு வாய் வரைக்கும் வந்துது. நிறுத்திட்டு இப்படிச் சொன்னேன்: "தலகாணியைத் தரையில போட்டுக் கையால அமுக்கினா முதல்ல மெத்துனு இருக்கும்ல, அப்புறம் தரை கையில தட்டும்ல? நீ ஏறி உக்காரும்போதே தலகாணி அமுங்கிடுதும்மா. குழியில இறங்கும்போது உனக்குத் தரைதான் மிச்சம்." அம்மா அண்ணனைப் பார்த்தாங்க. "அதான் பஸ்ல வர்றேன்னேன்"னாங்க. முதல் தடவையா வெளிப்படையா சொன்னாங்க.

அடுத்த வாரம் அண்ணனே ஒரிஜினல் ஸ்பிரிங்கைத் திருப்பி மாட்டச் சொல்லிட்டான், புது முழு நீள பம்ப் ஸ்டாப்போட. லோயரிங் ஸ்பிரிங்கை விக்கலை. மாடிப்படிக்குக் கீழ சாக்குல சுத்தி வெச்சிருக்கான். தனியா ரெண்டு சீட் வண்டி ஒண்ணு வாங்குவானாம். வாங்கட்டும், அளக்க நான் வர்றேன்னு சொல்லியிருக்கேன்.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிடணும். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றிதழ்ல இருக்கிற விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த மூல விவரத்துல இருந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்தமா சொல்லியிருக்கு. அதனால எதுவும் மாத்துறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ. ஆபீஸ்லயும் இன்ஷூரன்ஸ்லயும் கேட்டுக்கோங்க.

ஸ்பிரிங்கை கேஸ் கட்டர்ல சூடு காட்டி இறக்குறதும், ரெண்டு சுத்து வெட்டி எறியறதும் மலிவு வழின்னு யாராவது சொன்னா அங்க இருந்து கிளம்பிடுங்க. சூடு காட்டினா ஸ்பிரிங்கோட டெம்பர் போயிடும். வெட்டினா வீல் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவலாம்.

மத்தபடி, வண்டியை இறக்கணும்னு ஆசை இருந்தா ஸ்பிரிங் ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை ஒதுக்குங்க. பதினஞ்சு சென்டிமீட்டர் ஸ்கேல் ஒண்ணு, கேபிள் டை நாலு, வழக்கமா உங்க வண்டியில ஏறுற ஆளுங்க. எல்லாரையும் உக்கார வெச்சு, டஸ்ட் கவரைத் தூக்கி, ராடுல எவ்வளவு மிச்சம்னு அளங்க. அதுல இருந்து நீங்க இறக்க நினைக்கிற மில்லிமீட்டரைக் கழிங்க. வர்ற நம்பரைப் பின் சீட்ல உக்கார்றவங்ககிட்டயும் காட்டுங்க.